ஸ்பிரிங்வேலின் வரலாறும் அப்பாவின் கடைசிப் பக்கமும்

என் பிரியமான அப்பாவுக்கு,

உங்கள் கல்வெட்டைப் போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. நாற்பத்திரண்டு பக்கம். அட்டையில் நீங்கள் கழுத்துப்பட்டி கட்டி, சிரிக்காமல் நிற்கிற படம். முதல் பக்கத்தில் தேவாரமும் உங்கள் வாழ்க்கைக் குறிப்பும், கடைசிப் பக்கத்தில் குடும்ப விபரம், நடுவில் நாற்பது பக்கத்துக்கு நீங்கள் குடியிருந்த ஸ்பிரிங்வேல் நகரத்தின் வரலாறும் அடையாளங்களும். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. நான்தானே தட்டச்சு செய்தேன்.

இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அப்பா, கொஞ்சம் பொறுங்கள். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வோம். அதற்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்போம். இறந்தவர் எங்கே பிறந்தார், என்ன உத்தியோகம் பார்த்தார், யாருக்குக் கணவர், யாருக்குத் தகப்பன் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைத்தான் கல்வெட்டு என்போம். அந்தக் குடும்பப் பக்கத்தில் பெயர் இருந்தால் நீங்கள் உறவு. இல்லாவிட்டால் வந்து சாப்பிட்டுப் போகிற ஆள்.

வழக்கமாக அதைப் பிள்ளைகள்தான் எழுதுவார்கள். உங்களுக்கு யாரிலும் நம்பிக்கை இல்லை. மற்றவன் எழுதினால் பிழை விடுவான் என்று சொல்லி, உயிரோடு இருக்கும்போதே உங்கள் கல்வெட்டை நீங்களே எழுதத் தொடங்கினீர்கள். அப்படி ஒரு மனிதரை இந்த மெல்பேர்னில் நான் வேறு காணவில்லை.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும், அரசாங்க உத்தியோகம்தான் உத்தியோகம் என்பது உங்கள் கட்சி. ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்ததைப் பற்றி நாள் முழுக்கக் கதைப்பீர்கள். கிளேட்டனில் காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றதைப் பற்றி வாயே திறக்கமாட்டீர்கள். அதனால் உங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுத உங்களிடம் ஒரு பக்கத்துக்கு மேல் இருக்கவில்லை. மிச்சத்துக்கு நகரத்தை எழுதினீர்கள். "இந்த ஊரைப் பற்றித் தமிழில ஒருத்தரும் எழுதேல்லை. நான் எழுதிப்போட்டுத்தான் போவன்" என்றீர்கள். சொன்னபடியே செய்தீர்கள்.

நான் யார் என்றும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் வதனி. உங்கள் மூத்த பிள்ளை. இருபத்துநாலு வருடத்துக்கு முன், கிளேட்டனில் கம்பஸில் படித்த காலத்தில் கண்ட ரவியைக் கட்டினேன். ரவியின் அப்பப்பா, அப்பாவின் அப்பா, பனை ஏறிக் கள் இறக்கியவர். ரவி மூன்று வயதில் ஊரை விட்டு வந்தவர். பனைமரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். நீங்கள் ஒரேயொரு கேள்விதான் கேட்டீர்கள்: "அவை ஆர்?" என்ன சாதி என்று எங்கள் ஆட்கள் கேட்பது இப்படித்தான். பதிலைக் கேட்டீர்கள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "எனக்கு இனி ஒரு பிள்ளைதான்" என்றீர்கள். நான் குசினி வாசலில் நின்றேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னீர்கள்.

அம்மா சாகும்வரை நாங்கள் கதைக்கவில்லை. அம்மா போன பிறகு உங்களுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. உங்கள் ஒரே பிள்ளை சுகந்தி சிட்னியில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசித் திரையில் வந்து "அப்பாக்குட்டி" என்பாள், நீங்கள் குளிர்ந்துபோவீர்கள். மல்கிரேவில் என் வீட்டில் இருந்து பத்து நிமிடத்தில் வரக்கூடியவள் இந்த இல்லாத பிள்ளைதான். வந்தேன். கதவைத் திறந்து, "செருப்பைக் கழட்டிப்போட்டு வா" என்றீர்கள். பதினெட்டு வருடம் கழித்து நீங்கள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். என் வீட்டில் சமைத்துக்கொண்டு வந்ததை நீங்கள் தொடமாட்டீர்கள். ஆனால் உங்கள் குசினியில், உங்கள் சட்டியில், உங்கள் அகப்பையால் நானே சமைத்தால் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவீர்கள். என் கை சுத்தம், என் அடுப்புத்தான் தீட்டு. வேலை முடிந்து வந்து, என் வீட்டில் ஒரு சமையல், உங்கள் வீட்டில் ஒரு சமையல் என்று ஆறு வருடம் செய்தேன். என் காரில் ஏறுவீர்கள். ரவி ஓட்டினால் ஏறமாட்டீர்கள். அவருடைய பெயரை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "உன்ர ஆள் வேலைக்குப் போட்டானோ" என்பதுதான் நீங்கள் அவரிடம் காட்டிய அதிகபட்ச அக்கறை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின.

காலையில் உங்களை ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் போவேன். நீங்கள் சொல்வீர்கள், நான் படம் எடுப்பேன், வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்வேன். முதலில் ரயில் கடவை. முன்பு அங்கே தடுப்புக் கம்பம் விழுந்தால் கார்கள் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு நிற்கும். நீங்கள் வேலைக்குப் பிந்திப் போய் மேலாளரிடம் ஏச்சு வாங்கியதெல்லாம் அந்தக் கம்பத்தால்தான். இப்போது ரயில் பாதையைத் தெருவுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். கம்பம் நின்ற இடம் எது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கைத்தடியால் நிலத்தில் தட்டி, "இதில" என்றீர்கள். படவரைஞர் அல்லவா.

அதன் பிறகு மணல் குழிகள், முட்டைக்கோவாத் தோட்டங்கள் இருந்த நிலம், பழைய நகர மண்டபம். சனங்கள் நிறைந்த அந்தச் சந்தைத் தெருவில் வியட்நாம் கடைக்காரியிடம், அவளுக்கு முன் அந்தக் கடையில் யார் இருந்தார்கள் என்று நீங்கள் அரைமணித்தியாலம் விசாரித்தது நினைவிருக்கிறதா? அவள் கடைசியில் ஒரு கட்டு வல்லாரையைச் சும்மா தந்து அனுப்பிவிட்டாள். அன்று நீங்கள் காரில் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்தால் எனக்கு ஆறு வயதாகிவிடும். அதுதான் என் பலவீனம், அது உங்களுக்கும் தெரியும்.

மூன்றாம் பக்கத்திலேயே நீங்கள் இந்த மண்ணின் முதல் மக்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் ஓடைகளுக்கும் மேடுகளுக்கும் வைத்த பெயர்களை வந்தவர்கள் அழித்துவிட்டார்கள் என்று. "பெயரை அழித்தவனை வரலாறு மன்னிக்காது" என்று ஒரு வரி. நான் தட்டச்சு செய்யும்போது மெய்சிலிர்த்தது. நல்ல வரி, அப்பா. இப்போதும் சொல்கிறேன், நல்ல வரி.

புதிதாக வந்த குடியேறிகளைத் தங்கவைத்த அந்த விடுதியைப் பற்றி ஐந்து பக்கம். "பல தேசத்து மக்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே பானையில் சமைத்ததை உண்டார்கள். இதுவே இந்நகரின் பெருமை" என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதிவிட்டு எழும்பிப் போய் உங்கள் வீட்டுப் பானையைக் கழுவினேன்.

எல்லாவற்றிலும் நீங்கள் விரும்பி எழுதியது தவறணை, அதாவது மதுக்கடை, அத்தியாயம்தான். நகரம் உண்டாவதற்கு முன் அந்தத் தெருவோரத்தில் ஊற்றுத் தண்ணீரும் ஒரு தவறணையும்தான் இருந்தனவாம். மாடுகளையும் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் மிருகத்துக்குத் தண்ணீர் காட்டுவார்கள், தாங்கள் உள்ளே போய்க் குடிப்பார்கள். அதைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது என்பது உங்கள் ஆராய்ச்சி. அந்தத் தவறணைக்காரனை "நகரத்தின் தந்தை" என்று எழுதினீர்கள். வெள்ளைக்காரன் விற்றால் நகரத்தின் தந்தை. எங்கள் ஆள் மரத்தில் ஏறி இறக்கினால், அவன் பேரனை வாசற்படியில் ஏற்றக்கூடாது. இதை நான் அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயிருக்கும்.

என் பிழை அங்கேதான். நீங்கள் என் காரில் ஏறியதை, என் கையைப் பிடித்துப் படி இறங்கியதை, நான் வாசித்துக் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியதை எல்லாம் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் வாயால் மன்னிப்புச் சொல்வதில்லை, இப்படித்தான் காட்டுவார்கள் என்று ரவியிடம் பெருமையாகச் சொன்னேன். உங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு சாரதியும் ஒரு தட்டச்சாளரும் ஒரு சமையல்காரியும். மூன்றும் சும்மா கிடைத்தன.

நானும் நல்லவள் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். ஒருநாள் பின்னேரம் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று, என் மகள் மாயாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "நிறமும் மூக்கும் தகப்பன் பக்கம்தான். என்ன செய்யிறது" என்றீர்கள். உங்களை அங்கே கிடந்த மர வாங்கிலில் உட்கார வைத்தேன். "கமெராவைப் பிடியுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். யூலை மாதம், இங்கே நடுக் குளிர்காலம். உங்கள் கோட் காரில் கிடந்தது. அது தெரிந்துதான் போனேன். ஒரு மணித்தியாலம் மல்கிரேவ் பக்கம் சும்மா சுற்றினேன். திரும்பி வந்தபோது கமெராவை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தீர்கள். விரல் நுனியெல்லாம் நீலம். "வெளிச்சம் போகப்போகுது, கெதியா எடு" என்றீர்கள். சாய்ந்த வெயிலில் உங்களை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். கோட்டைப் போட்டுவிட்டது அதற்குப் பிறகுதான்.

நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனீர்கள். நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். "வதனி" என்று கூப்பிட்டது கேட்டது. வந்து பார்க்கும்போது முடிந்துவிட்டது. கடைசியாக என் பெயரைச் சொன்னீர்கள் என்று செத்தவீட்டில் எல்லோரிடமும் சொல்லி அழுதேன். இப்போது யோசித்தால், புட்டு ஆகிவிட்டதா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கலாம்.

உங்கள் நூலில் மயானத்து ரயிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முந்திய காலத்தில் பிரேதங்களை ஏற்றிக்கொண்டு மயானத்துக்குள்ளேயே போகிற கிளைப் பாதை இருந்ததாம். செத்தவருக்கு ஒருவழி டிக்கெட், அழுகிறவர்களுக்குப் போய்வர டிக்கெட் என்று ஒரு பகிடியும் சேர்த்தீர்கள். நீங்கள் அங்கேதான் போனீர்கள், அப்பா. ரயில் இல்லாததால் கறுப்புக் காரில். பெருந்தெருச் சிவப்பு விளக்கில் கொஞ்ச நேரம் நின்றோம். பக்கத்துக் காரில் ஒருவன் பேர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

செத்தவீடு முடிந்து இரண்டாம் நாள், உங்கள் வீட்டில் உங்கள் கதிரையில் இருந்துகொண்டு, சுகந்தி கைப்பையைத் திறந்தாள். நீட்டு உறை ஒன்றை எடுத்துத் தந்தாள். "இதையும் சேர்த்து அடிக்க வேணும் அக்கா. அப்பா ரெண்டு வருசத்துக்கு முதல் எனக்குத் தபாலில அனுப்பினவர்" என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் நானும் நீங்களும் விடுதி அத்தியாயத்தில் இருந்தோம். அந்த உறையில் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டதும் நான்தான். சிட்னிக்கு ஏதோ வங்கிக் கடிதம் என்றீர்கள்.

அடிமட்டம் வைத்து எழுதியதுபோல் நேரான உங்கள் எழுத்து. குடும்ப விபரம். "அன்னார் காலஞ்சென்ற பரமேஸ்வரியின் அன்புக் கணவரும், ஏகபுத்திரி சுகந்தியின் பாசமிகு தந்தையும்" என்று தொடங்கி, மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாம் சிட்னி. ஏகபுத்திரி. என்னை விட்டுவிட்டிருந்தால் மறதி என்று சொல்லலாம். நீங்கள் கவனமாக எண்ணிப் பார்த்து ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். கீழே சின்னதாக, இதில் ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது என்ற குறிப்பு.

ஏன் அப்பா அதை என்னிடம் தரவில்லை? மற்ற நாற்பது பக்கத்தையும் என்னைக்கொண்டு எழுதிவிட்டு இதை மட்டும் தபாலில் போட்டீர்களே, அது வெட்கமா? இரக்கமா? அல்லது நான் தட்டச்சை நிறுத்திவிடுவேன் என்ற பயமா?

"நான் என்ன செய்ய அக்கா? அப்பான்ர கையெழுத்து" என்று சுகந்தி அழுதாள். இரண்டு வருடம் அதைப் பத்திரமாக வைத்திருந்தவள். வெள்ளிக்கிழமை தோறும் என் முகத்தையும் அந்தத் திரையில் பார்த்தவள். தமிழில் தட்டச்சு செய்ய அவளுக்குத் தெரியாது. ஆகவே அதை என்னிடமே தந்தாள். நான் அன்றைக்கே இருந்து அடித்து முடித்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அந்தியேட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது சுகந்தி சிட்னியில் இருந்து தொலைபேசி எடுத்தாள். குரல் மாறியிருந்தது. கல்வெட்டில் அக்காவின் பெயர் இருக்கிறதா என்று கோயில் ஆட்கள் கேட்கிறார்களாம். ஆறு வருடம் யார் உங்களைப் பார்த்தது என்று ஊருக்கே தெரியும், இனி இதை வாசித்தால் அப்பாவைத்தான் காறித் துப்புவார்கள், தன்னையும் சேர்த்து என்றாள். என் பெயரையும் ரவியின் பெயரையும் மாயாவின் பெயரையும் போட்டுவிடு என்றாள். அச்சகத்தில் சொல்லி ஒரு பக்கத்தை மாற்றுவது பெரிய வேலையில்லை. அது எனக்குத் தெரியும்.

அப்பா, நான் காத்துக்கொண்டிருந்தது அந்த அழைப்புக்குத்தான்.

"ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது எண்டு அப்பா எழுதியிருக்கிறார். நீதானே காட்டினனீ" என்றேன்.

கெஞ்சினாள். அவள் கணவன் வந்து கதைத்தான். குடும்ப மானம் என்றான். எந்தக் குடும்பம் என்று கேட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் குடித்தேன். அவ்வளவு ருசியான தேநீர் அண்மையில் குடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மல்கிரேவில் மண்டபம் எடுத்திருந்தோம். வாசலில் ஒரு மேசை போட்டு, கல்வெட்டுகளை அடுக்கி, நானே நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். நாற்பது பக்க வரலாற்றை யாரும் பார்க்கவில்லை. எங்கள் சனம் கல்வெட்டைப் பின்னால் இருந்துதான் திறக்கும். கடைசிப் பக்கத்தை வாசிப்பார்கள், மேலே இருந்து கீழே தேடுவார்கள், திரும்ப மேலே போவார்கள், பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்த்தேன். இனித்தது அப்பா. பொய் சொல்லவில்லை.

உங்கள் பக்கத்து வீட்டு சரோ அன்ரி, நான் தினமும் உங்கள் வீட்டுக்கு வந்து போனதை யன்னலால் பார்த்தவர், புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, பிரஸ்ஸில உன்ர பேரை விட்டுட்டாங்கள் போல."

"பிரஸ்ஸில இல்லை அன்ரி. அப்பாதான் விட்டவர்."

சரோ அன்ரி என் கையை விட்டார். கல்வெட்டை மூடி, திரும்ப மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அந்தியேட்டி வீட்டில் சாப்பிடாமல் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று குடும்பம் அப்படிப் போனது. உங்களோடு பெட்டித் தொழிற்சாலையில் நின்ற அங்கிள் ஒருவர் மட்டும், "மனுசன் கடைசிவரை திருந்தேல்லை" என்று சொல்லிக்கொண்டே பாயசத்தை இரண்டாம் முறை வாங்கினார். சுகந்தி மண்டபத்துக் குசினிக்குள் போய் நின்று அழுதாள். நான் போய்த் தேற்றவில்லை.

எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. ஒன்றைத் தவிர.

ரவி வந்திருந்தார். வரவேண்டாம் என்று நான் சொல்லியும் வந்து, காலையிலேயே கதிரைகளை அடுக்கிவிட்டு, மூலையில் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்து உங்கள் கல்வெட்டை வாசித்தார். முதல் பக்கத்தில் இருந்து. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில், எழுத்துக் கூட்டி, வாயை அசைத்து அசைத்து நாற்பது பக்கத்தையும் வாசித்தார். அந்த மண்டபத்தில் உங்கள் வரலாற்றை முழுதாக வாசித்த ஒரேயோர் ஆள் அவர்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்து, அதையும் வாசித்து, மூடிவிட்டு என்னிடம் வந்தார்.

"தவறணைக் கதையை நல்லா எழுதியிருக்கிறார்" என்றார். பிறகு சிரித்தார். "எங்கட அப்பப்பா இஞ்ச வந்திருந்தா ஒரு நகரத்துக்கே தகப்பன்."

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அந்த அத்தியாயம் அவருக்குப் பிடித்திருந்தது. அவரில் எனக்கு வந்த கோபம் உங்களில் வந்ததைவிடக் கூட. கார் நிறுத்துமிடத்துக்குப் போய் அழுதேன். நான் தீர்த்த பழியெல்லாம் அந்த மனிதருக்கு ஒன்றுமே இல்லை. உங்களைப் பழிவாங்க வேண்டிய அவசியம்கூட இல்லாத ஒருவரைத்தான் நீங்கள் வாசலுக்கு வெளியே வைத்திருந்தீர்கள்.

மாயா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பத்தொன்பது வயது, தமிழ் வாசிக்க வராது. கல்வெட்டை நீட்டி, நாங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, இதுதான் நீ என்றிருக்கலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? நான் கடைசிப் பக்கத்தைத் திறந்து, நாங்கள் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். அங்கேயே, காருக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். பனைமரத்தில் இருந்து புட்டுவரை. கேட்டுவிட்டு, அவள் உங்களைப் பற்றி ஒரு சொல் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். நான் அவளைத் திருத்தவில்லை. உங்கள் பேத்தி உங்களைப் பற்றி வைத்திருக்கிற கடைசிச் சொல் அதுதான்.

பிறகு அவள் பக்கங்களைப் புரட்டிப் படம் பார்த்தாள். ரயில் நிலையத்துப் படத்தில் நிறுத்தினாள். நீங்கள் கோட் இல்லாமல், விறைத்துப்போய் நிற்கிற படம். உங்கள் சப்பாத்து வரைக்கும் ஒரு நீட்டு நிழல் விழுந்திருந்தது. இது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

சூரியனை முதுகில் வைத்து எடு என்று நீங்கள் சொல்லித் தந்ததால் என் நிழல் எல்லாப் படத்திலும் விழும். ஒவ்வொன்றாக வெட்டச் சொல்வீர்கள். "உன்ர தலை கிடக்கு, வெட்டு" என்பீர்கள். நானும் வெட்டுவேன். இந்த ஒரு படத்தை மட்டும் நீங்கள் வெட்டச் சொல்லவில்லை. கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது இப்பிடியே இருக்கட்டும்" என்றீர்கள். தெரிந்து சொன்னீர்களா அப்பா? தெரிந்துதான் சொன்னீர்கள் என்று நம்ப எனக்கு ஆசை. ஆனால் உங்களுக்கு இரண்டு கண்ணிலும் கட்டரக்ட்.

மற்றச் செய்திகள். உங்கள் வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டோம். புதிதாக வருவது ஒரு கம்போடியக் குடும்பம் என்று சரோ அன்ரி சொன்னார். உங்கள் எலுமிச்சை மரம் காய்த்துக் கொட்டுகிறது. உங்கள் சட்டிகளையும் அகப்பையையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் வேலையாக ரவிக்கு அதில் ஆட்டிறைச்சிக் கறி வைத்துக் கொடுத்தேன். நகர நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கென்று ஓர் அலுமாரி இருக்கிறது. உங்கள் கல்வெட்டில் ஒரு பிரதியை அங்கே கொடுத்தேன். தமிழில் இதுதான் முதலாவது என்று சொல்லி நூலகப் பெண் மகிழ்ந்து வாங்கினாள். கடைசிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. நீங்கள் எழுதிய நகரம் இருக்கும்வரை நீங்கள் எழுதிய பொய்யும் அங்கே இருக்கட்டும்.

இனி என் வாக்கு. நானும் உங்களைப்போல என் கல்வெட்டை இப்போதே எழுதிவிட்டேன். மாயாவின் கையில் கொடுத்திருக்கிறேன், ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது என்ற குறிப்போடு. மாயா எனக்கு என்ன என்பதெல்லாம் இரண்டாம் வரியில் இருந்து வரும். முதல் வரியில் உங்கள் பெயர். "அன்னார் காலஞ்சென்ற நாகலிங்கம், பரமேஸ்வரி தம்பதிகளின் மூத்த மகளும், பனை ஏறிய கந்தனின் பேரன் ரவியின் அன்பு மனைவியும்" என்று, ஒரே வசனத்தில், உங்கள் பெயரையும் கந்தனின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதையும் அந்த நூலகத்து அலுமாரியில் உங்கள் கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். முடிந்தால் எழும்பி வந்து வெட்டுங்கள்.

நீங்கள் எண்ணாமல் விட்ட,
உங்கள் மூத்த மகள்
வதனி